முதியோர் குடியிருப்பில் நல மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓ.எம்.ஆர்., கேளம்பாக்கம், வண்டலூர், பூந்தமல்லி என்று சென்னையைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூத்தவர்களுக்கான குடியிருப்புகள் வந்துவிட்டன. பல இடங்களில் குடியேறும்போது ஒரு முறையும், பிறகு அவ்வப்போதும் ‘வெல்னஸ் அசெஸ்மென்ட்’, அதாவது நல மதிப்பீடு செய்கிறார்கள். அங்கே இருக்கும் பெரியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதியோர் பராமரிப்பு வேலையில் இருப்பதால், எனக்குச் சரி என்று பட்டதையும் தவறு என்று பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன மாதம்தான் மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தோம். எல்லாம் நார்மல். அப்புறம் இது எதற்கு?

மாஸ்டர் செக்கப்பில் ரத்தம், சிறுநீர், ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். உள்ளே உறுப்புகள் எப்படி இருக்கின்றன என்பது தெரியும். ஆனால் அம்மா யார் துணையும் இல்லாமல் குளிக்கிறாரா, கழிப்பறையில் உட்கார்ந்தால் குழாயைப் பிடித்துக்கொள்ளாமல் எழ முடிகிறதா, சாயங்காலம் நாலு பேரோடு உட்கார்ந்து பேசுகிறாரா என்பதெல்லாம் அதில் வராது. கிரியாட்டினின், கொலஸ்ட்ரால் எல்லாம் கச்சிதமாக இருக்கும் 78 வயதுக்காரர் ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது சர்வ சாதாரணமாக நடக்கிறது.

ஐ.நா. பொதுச் சபை 2021 முதல் 2030 வரையிலான காலத்தை ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறது, உலக சுகாதார நிறுவனம் அதை முன்னின்று நடத்துகிறது. நோயே இல்லாமல் இருப்பதை அவர்கள் ஆரோக்கியமான முதுமை என்று சொல்லவில்லை. தனக்கு முக்கியமானதைத் தானே செய்துகொள்ளும் திறனைத் தக்கவைப்பதைத்தான் சொல்கிறார்கள். சுகரும் பிபியும் உள்ளவரும் அப்படி வாழலாம். நல மதிப்பீடு அந்தத் திறனைப் பார்க்கிறது.

என்னென்ன பார்ப்பார்கள்? எவ்வளவு நேரம் ஆகும்?

நடமாட்டம், சாப்பாடும் எடையும், கண், காது, ஞாபகம், மனநிலை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் இருப்பவை இவைதான். இவற்றோடு சாப்பிடும் மாத்திரைகள், அன்றாட வேலைகள், வீட்டுக்குள் விழக்கூடிய இடங்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்றில்லை, இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். காலை டிபனுக்குப் பிறகு, அவர்களுடைய சொந்த வீட்டிலேயே செய்வது நல்லது. கிளினிக்கில் கெட்டியாக நடப்பவர் வீட்டில் மிதியடி தடுக்கித் தடுமாறுவதை அங்கேதான் பார்க்க முடியும்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்கிறார்கள். இதெல்லாம் ஒரு டெஸ்டா?

இந்த மதிப்பீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த டெஸ்ட் இது. மெஷின் வேண்டாம், ஊசி வேண்டாம். கைப்பிடி இல்லாத நேர் முதுகு நாற்காலி ஒன்றும், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். பெரியவர் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்வார். முப்பது விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

75 முதல் 79 வயது வரை உள்ள ஆண் 11 முறைக்குக் குறைவாக எழுந்தாலோ, அதே வயதுப் பெண் 10 முறைக்குக் குறைவாக எழுந்தாலோ, விழும் அபாயம் கூடுதல் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அட்டவணை சொல்கிறது. கையை ஊன்றித்தான் எழ முடியும் என்றால் மதிப்பெண் பூஜ்யம்.

ஆனால் எண்ணிக்கையைக் காட்டிலும் எழும் விதத்தைப் பாருங்கள் என்பேன். முதல் இரண்டு முறை சுலபமாக எழுந்துவிட்டு, மூன்றாவதில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி உந்தித்தான் எழுகிறாரா? ஒரு கால் பக்கமாகவே சாய்கிறாரா? எழுந்ததும் ஒரு நொடி நின்று கண்ணை மூடித் திறக்கிறாரா? தொடை பலம் குறைந்திருக்கிறது, ஒரு முழங்கால் வலியை மறைக்கிறார், எழும்போது பிபி இறங்குகிறது என்று மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

இதோடு நடை டெஸ்டும் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான நடையில் போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். வழக்கமாகக் கைத்தடியோ வாக்கரோ வைத்திருந்தால் அதோடுதான் நடக்க வேண்டும். ‘இன்னைக்கு ஒரு நாள் இல்லாம நடந்து காட்டறேன்’ என்று சிலர் கிளம்புவார்கள், விடக்கூடாது.

அம்மாவுக்கு 7 முறைதான் எழ முடிந்தது. இப்போது என்ன செய்வது?

முக்கியமான கேள்வி. 7 என்று எழுதி ஃபைலில் வைத்துவிட்டால் அந்த டெஸ்ட்டே வீண். ஒரு குடியிருப்பின் மதிப்பீடு நல்லதா இல்லையா என்பதை மறுநாளிலிருந்து என்ன மாறியது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன்.

முதலில் பிபி. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு முறை எடுக்க வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், தலைசுற்றலுக்கும் விழுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். டாக்டர் பிபி மாத்திரையைப் பார்த்து மாற்றுவார். உட்கார்ந்த நிலையில் மட்டும் பிபி எடுத்தால் இது கடைசிவரை தெரியாது.

அடுத்து பிசியோ. தொடைக்கும் கணுக்காலுக்கும் பலம் கூட்டும் பயிற்சி, சமநிலைப் பயிற்சி இரண்டும் வேண்டும். ‘தினமும் காம்பவுண்டுக்குள் நாலு ரவுண்டு நடக்கிறேனே’ என்பார்கள். நடப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் தொடைக்குப் பலம் தராது. உட்கார்ந்து எழுவதையே பயிற்சியாகக் கொடுத்தால் போதும்: முதலில் உயரமான நாற்காலியில், பிறகு சாதாரண நாற்காலியில். எண்பது வயதிலும் தசை பயிற்சிக்குக் கட்டுப்படும். சில மாதங்களில் 7 என்பது 9, 10 ஆவதைப் பார்க்கலாம்.

அதோடு வீடு. கழிப்பறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி, குளியலறையில் வழுக்காத பாய், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு. வாசல் மிதியடியை எடுத்துவிடுங்கள். இது ஒரு நாள் வேலை. இதற்காக ஆறு மாதம் மீட்டிங் போட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன், மனசு கொதிக்கும்.

மாத்திரைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்வது ஏன்? பிரிஸ்கிரிப்ஷன் இருக்கிறதே?

பிரிஸ்கிரிப்ஷனில் இருப்பது ஒன்று, வயிற்றுக்குள் போவது வேறொன்று. அதனால்தான் வீட்டில் இருக்கும் மாத்திரை, சிரப், தைலம், சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார்கள். மஞ்சப்பையை மேஜையில் கவிழ்த்ததும் பாதிக் கதை விளங்கிவிடும்.

அடிக்கடி பார்ப்பது இது. இருதய டாக்டர் எழுதிய பிபி மாத்திரை ஒன்று, ஊரில் உள்ள பழைய டாக்டர் எழுதியது ஒன்று. பெயர் வேறு, கம்பெனி வேறு, அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் படித்தால் இரண்டிலும் ஒரே அம்லோடிபின். பெரியவர் இரண்டையும் தவறாமல் போட்டுக்கொண்டிருப்பார். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எழுதப்பட்டிருக்கும். அதனால் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து போவார். தூக்கம் கெடுகிறது என்று தூக்க மாத்திரை. அந்த மயக்கத்தில் எழுந்து நடக்கும்போதுதான் விழுகிறார். இரட்டிப்பாகப் போகும் அந்த முதல் மாத்திரையைச் சரிசெய்தால் பின்னால் சேர்ந்த இரண்டும் தேவைப்படாமல் போகலாம்.

இன்னும் சில. கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கிறது. வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம். மூட்டு வலிக்கு நாள்கணக்கில் போடும் வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கிளிமிபிரைட் போன்ற சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏகாதசி விரதமும் இருந்தால் சுகர் சட்டென்று இறங்கிவிடும். சுகருக்கான மெட்ஃபார்மினும் வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோலும் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் எளிதாக.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் அதுவே ஆபத்து. பையை டாக்டரிடம் எடுத்துப் போங்கள், முழுவதையும் ஒரே டாக்டர் பார்க்கட்டும்.

ஞாபக சக்தி டெஸ்ட் என்றதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்கிறார்.

கோபம் நியாயம்தான். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவரிடம், இருபது வயதுப் பெண் வந்து ‘இன்னைக்கு என்ன கிழமை?’ என்று கேட்டால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். ‘சார், எல்லாரிடமும் இதே கேள்விகள்தான் கேட்கிறோம். இப்போது உள்ள அளவைக் குறித்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட உதவும்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்பவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். பக்கத்தில் மருமகளோ பேரனோ நின்று விடை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மினி-காக் என்ற சின்ன டெஸ்ட்டில் மூன்று சொற்களைச் சொல்லி, நடுவில் ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்பார்கள். மொத்தம் 5 மதிப்பெண். நீளமான டெஸ்ட்கள் 30 மதிப்பெண்ணுக்கு இருக்கின்றன. பள்ளிக்கே போகாத பாட்டியிடம் படம் வரையச் சொல்லி, வராததை மறதி நோய் என்று எழுதுவது பெரிய அநியாயம். ஆங்கிலத் தேதியைச் சொல்லத் தெரியாமல், ‘கார்த்திகை மாசம், இன்னைக்குப் பிரதோஷம்’ என்று சொல்பவருக்கு நாள் நினைவு கெட்டிருக்கிறதா என்ன? படிப்புக்கும் மொழிக்கும் ஏற்ற டெஸ்ட்தானா என்று கேளுங்கள்.

மதிப்பெண் குறைந்தால் உடனே பதற வேண்டாம். காது சரியாகக் கேட்டதா என்று முதலில் பாருங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் சொன்ன சொல்லே விழுந்திருக்காது. பி12, தைராய்டு, சோடியம், மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, மாத்திரை மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் மறதி போலவே தோன்றும், இவை சரிசெய்யக்கூடியவை. இரண்டே நாளில் திடீரென்று குழம்பினால் அது அவசரம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மறந்தால் நரம்பியல் அல்லது முதியோர் மனநல நிபுணரிடம் போக வேண்டும். சென்னையில் அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு மறதி நோய்க்கான சேவைகளை நடத்துகிறது.

மனநிலையை எப்படி அளக்க முடியும்? கேட்டால் ‘எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கேன்’ என்பார்களே?

நம் பெரியவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று வாய்விட்டுச் சொல்வது குறைவு. ‘உடம்பு ஒரே அசதி’, ‘நெஞ்சு கனமா இருக்கு’, ‘சாப்பாடு பிடிக்கலை’ என்றுதான் வெளியே வரும். முதியோருக்கென்றே 15 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோல் இருக்கிறது, எல்லாம் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள். 5-க்கு மேல் வந்தால் டாக்டரோ கவுன்சலரோ பேசிப் பார்க்க வேண்டும்.

கேள்வித்தாளோடு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். டைனிங் ஹாலுக்குத் தினம் வந்தவர் ‘ரூமுக்கே அனுப்பிடுங்க’ என்று சொல்ல ஆரம்பித்தால் அது ஒரு அறிகுறி. இதை டாக்டருக்கு முன்பே பரிமாறுகிறவரும் ஹவுஸ்கீப்பிங் அக்காவும் கவனித்துவிடுவார்கள். மதிப்பீட்டில் அவர்களுடைய வார்த்தைக்கு இடம் இருக்க வேண்டும். துணையை இழந்த முதல் வருஷத்தில் கூடுதலாகவே கவனிக்க வேண்டும்.

சாப்பாடு நன்றாகத்தான் போடுகிறார்கள். எடை ஏன் குறைகிறது?

முயற்சி எடுக்காமலே ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆனால், காரணம் தேட வேண்டும். சரியாகப் பொருந்தாத பல்செட், மலச்சிக்கல், மனச்சோர்வு, சில மாத்திரைகள், மறைந்திருக்கும் நோய் என்று காரணம் பலது.

புரதம் தனிப் பிரச்சினை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி மோர் சாதம் என்றால் வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் போகாது. வயதானவர்களுக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். எனவே பருப்பு, சுண்டல், தயிர், பால், பனீர், முட்டை, மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் வர வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்யட்டும்.

கத்திரி வெயில் காலத்தில் தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும். பாத்ரூமுக்குப் போக வேண்டியிருக்குமே என்று வேண்டுமென்றே குடிக்காதவர்களும் உண்டு.

கண், காது?

இரண்டையும் விடவே கூடாது. கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து விலகிவிடுவார். காது கேட்காமை மறதி நோய்க்கான அபாயக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் பட்டியலிட்டிருக்கிறது. காது மெஷின் வாங்கி டிராயரில் வைத்திருப்பவர்கள் ஏராளம், அதன் சத்த அளவை மறுபடி சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

மதிப்பெண் குறைந்தால் அசிஸ்டட் லிவிங் பிளாக்குக்கு, அதாவது எப்போதும் உதவியாளர் துணையோடு இருக்கும் பகுதிக்கு, மாற்றிவிடுவார்களா?

இந்தப் பயம் இருக்கும்வரை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். விழுந்ததை மறைப்பார்கள், வலியை மறைப்பார்கள், டெஸ்ட்டன்று மட்டும் தம் பிடித்து நடப்பார்கள். மதிப்பீட்டை வெளியேற்றும் கருவியாகப் பயன்படுத்தும் நிர்வாகம் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது.

முதலில் இருக்கிற வீட்டிலேயே என்ன உதவி சேர்க்கலாம் என்று பார்க்க வேண்டும்: குளிக்கும்போது மட்டும் ஒரு அட்டெண்டர், மாத்திரைக்கு நர்ஸ், பிசியோ. அதற்குப் பிறகும் ஆபத்து என்றால்தான் இட மாற்றம், அதுவும் பெரியவரோடு உட்கார்ந்து பேசி. எந்த நிலையில் மாற்றுவார்கள், யார் முடிவு செய்வார்கள், கட்டணம் எவ்வளவு கூடும், வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்கலாமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை அதோடு வைத்துப் படியுங்கள்.

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். அப்பாவின் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பச் சொன்னேன், அவரிடம் கேட்க வேண்டும் என்கிறார்கள். மகனுக்கே தரக்கூடாதா?

அவர்கள் செய்தது சரி. ரிப்போர்ட் அப்பாவுடையது. அவர் தெளிவாக இருக்கும்வரை யாருக்குக் காட்டலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். தூரத்தில் இருக்கும் உங்கள் கவலை புரிகிறது. அப்பாவிடம் நேரடியாகக் கேளுங்கள், பெரும்பாலும் ‘சரி, அனுப்பச் சொல்றேன்’ என்றுதான் சொல்வார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள். அம்மாவுக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை என்பது சித்தப்பா வீட்டுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை?

நன்றாக இருப்பவருக்கு வருஷம் ஒரு முறை போதும், 80 தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. விழுந்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பினாலோ, துணை இறந்தாலோ, தேதி பார்க்காமல் உடனே செய்ய வேண்டும். ஒப்பிட வேண்டியது அவருடைய பழைய அளவோடுதான். பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை வாங்கினார் என்பது தேவையில்லை.

ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றால்?

வற்புறுத்தக் கூடாது. ‘உங்களுக்கு எதைத் தொடர்ந்து செய்ய ஆசை?’ என்று கேட்டு ஆரம்பித்துப் பாருங்கள். மார்கழியில் மயிலாப்பூர் போய்க் கோயில் சுற்ற வேண்டும், பேத்தி கல்யாணத்துக்கு ரயிலேற வேண்டும் என்று ஏதாவது வரும். ரயில் படி ஏறத் தொடைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அங்கிருந்து பேச்சு நகர்ந்தால் டெஸ்ட்டுக்கு அவரே வருவார். அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்துக் கேளுங்கள்.

குடியிருப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பற்றி என்ன கேட்கலாம்?

‘அசெஸ்மென்ட் செய்வீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ‘போன முறை செய்த பிறகு இங்கே என்ன மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். மெனுவில் சுண்டல் சேர்த்தோம், இந்த நடைபாதையில் கைப்பிடி போட்டோம், சேர் எக்சர்சைஸ் வகுப்பு ஆரம்பித்தோம் என்று சட்டென்று பதில் வந்தால் நம்பலாம். பளபளப்பான ஆப்பைத் திறந்து வரைபடம் மட்டும் காட்டினால் யோசியுங்கள். மதிப்பீட்டைச் செய்பவர் யார், நர்ஸா பிசியோவா, முதியோர் மருத்துவர் எப்போது வருவார் என்பதையும் கேளுங்கள்.

குடியிருப்பில் சேராமல் சொந்த வீட்டிலேயே இருக்கும் பெற்றோருக்கு?

தாராளமாகச் செய்யலாம். இந்த விஷயத்தில் சென்னைக்குப் பெருமையான வரலாறே உண்டு. 1978-லேயே இங்கே அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். அதே மருத்துவமனையில், இப்போது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், முதியோர் மருத்துவத் துறை இயங்குகிறது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. பிபி, சுகர் மாத்திரையும் பிசியோவும் வீட்டுக்கே வர, 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் மூலம் பதியலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

போகும்போது மாத்திரைப் பை, பழைய ரிப்போர்ட்கள், கண்ணாடி, காது மெஷின், வழக்கமாகப் போடும் செருப்பு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை விழுந்தார், எங்கே, எந்த நேரத்தில் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அடிபடாத விழுகையையும் சேர்த்து. டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.